ஜாக்குவின் பெயர் வைத்த குட்டி

இக்கலூட், மார்ச்

என் புட்டுலிக்குக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அடுப்பை அணைத்துவிட்டுத்தானே படுக்கிறீர்கள்?

ஞாயிறன்று கடல்பனிமேல் நம் சறுக்குவண்டி நாய்களுக்கு விழா. விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன, பாவம். நான், என்னோடு ஆஸ்பத்திரியில் துணி தைக்கும் எலிசாபி, நாய்க்கார ஐபிலி, அவர் மகன் லுகாசி எல்லோரும் இருந்தோம். லுகாசிக்கு இறந்த தாத்தாவின் பெயர். அதனால் ஐபிலி அவனை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு குட்டிக்குக் கடல் கொண்டுபோன நம் மகன் ஜாக்குவின் பெயரை வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரிதானே! மடியில் எடுத்து, "சாப்பிட்டியாடா கண்ணு?" என்றேன். என் கையுறையைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

"உன் மகனேதான்டி! அவன் என்னிக்குக் கேட்டு எடுத்தான்?" என்று எலிசாபி சிரித்தாள்.

"பனி உருகுறதுக்குள்ள வண்டியில உங்க வீட்டுக்கே கொண்டாந்து விடறேன், அக்கா" என்றார் ஐபிலி.

பொழுது சாய்வதற்குள் லுகாசி அதைத் தெற்கிலிருந்து வந்த ஒருத்திக்குக் கொடுத்துவிட்டான். "நாய்தானே பாட்டி, வேற குட்டி தர்றேன்" என்றான்.

கவலைப்படாதீர்கள், நன்றாகச் சாப்பிடுகிறேன். காய்ந்த மீன் கொஞ்சம் அனுப்புங்கள். பெட்டியில் ஜாக்குவின் பழைய கையுறை இருக்கும், அதையும்.

கடிதம் கொண்டுவரும் விமானம் கிளம்பப்போகிறது, முடிக்கிறேன். குட்டியைக் கொண்டுபோனவள்மேல் கோபமில்லை, நம் பெயர் வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? பெற்றவரே 'அப்பா' என்று கூப்பிட வளர்ந்தவனுக்குத் தெரியும். மன்னிக்கவே மாட்டேன், அந்த லுகாசியை.