‘மா’ போட்ட இடது பக்கம்

அன்புள்ள மச்சான்,

பார்த்தீர்களா, எழுதிவிட்டேன். பதினோரு வருஷம் நேரில் இருந்தபோது வாயில் வராத வார்த்தை, நீங்கள் போய் நாலு மாசம் கழித்து வருகிறது. உங்கள் தங்கை கலா பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும். நமக்குள் எந்தப் பேச்சு மூன்றாவது ஆள் இல்லாமல் நடந்திருக்கிறது? அதனால்தான் இதையும் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன். ஒரே சக்கரத்துக்கு மூன்று அளவில் போல்ட் போடுகிற மனுஷன் உலகத்தில் உண்டா? அதைக் கழற்ற மூன்று ஸ்பேனரோடு மண்ணில் உருள வேண்டியிருக்கிறது. அளவு என்று ஒரு துண்டுக் காகிதமாவது வைத்தீர்களா? செல்போனில் எவனோ சேற்றில் கோ-கார்ட் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று செய்வோம் என்று இறங்கினீர்கள். பாதியில் போய்விட்டால் மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்று யோசித்தீர்களா?

கலாவும் நானும் உங்களைக் கேட்காமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டது தப்புதான். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாம் வருஷமே வீட்டுக்குள் விட்டீர்கள், பொங்கலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறும் போட்டீர்கள். ஆனால் ‘மாப்ள’ என்று ஒரு தடவை? டீக்கடைக்காரர் கூப்பிடுகிறார், லாரி கிளீனர் கூப்பிடுகிறான். கூப்பிட வேண்டிய ஒரே ஆள் ‘உன் வூட்டுக்காரரு’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது எனக்கு எவ்வளவு உறுத்தியது என்று கலாவிடம்கூடச் சொன்னதில்லை. நானும் லேசுப்பட்டவன் இல்லை, ‘உங்கண்ணன்’ என்றே காலத்தை ஓட்டினேன்.

சிறுவாச்சூரில் என் வெல்டிங் பட்டறைக்கு முதல் தடவையாக வந்த அன்று நீங்கள் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? வண்டியில் பைப்பும் பழைய பைக் இன்ஜினும் கிடந்தன. நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். நீங்கள் கலாவுக்கு போன் போட்டீர்கள்.

“உன் வூட்டுக்காரர்ட்ட சொல்லு, ஒன்றரை இன்ச்சு பைப்பு. சேஸிஸுக்கு வளைக்கணும்.”

அவள் எனக்கு போன் போட்டாள். “எங்கண்ணன் பைப்பு கொண்டாந்திருக்காராம்.”

“தெரியுது. எதுக்குன்னு கேளு.”

மறுபடி உங்கள் போன் அடித்தது. மழை பெய்தால் பாடாலூர்க் காட்டுக்குப் பைக்கில் போக முடியவில்லை, கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்கிறது, மக்காச்சோளத்தைப் போய்ப் பார்க்கச் சேற்றில் ஓடுகிற வண்டி வேண்டும் என்று முழுக் கதையையும் அவளிடம் சொன்னீர்கள். எனக்குத்தான் நேராகவே கேட்டதே! இருந்தும் அவள் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்துவிட்டுத் தலையாட்டினேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தீர்கள். “இது ரெண்டு நூலு நீளம்” என்று பைப்பைப் பார்த்துச் சொல்வீர்கள். “வெட்டிக்கலாம்” என்று நான் கிரைண்டரிடம் சொல்வேன். இரண்டு சீட்டு எதற்கு என்று கலா மூலமாகக் கேட்டேன். “பேலன்ஸுக்கு” என்று பதில் வந்தது. தனி ஆள் காட்டுக்குப் போக என்ன பேலன்ஸ் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

நெஞ்சு வலி என்று பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. வண்டி பட்டறை மூலையில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரம்மா சொன்னார்கள். “எங்கண்ணன் ஆசப்பட்ட வண்டிங்க, ஓட்டிப் பாத்துட்டாவது போடுங்க” என்று கலா அழுதாள். சரி என்று கையை வைத்தேன்.

நீங்கள் சொல்லியிருந்த இடத்தில் இன்ஜினை மாட்டி, ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் பாய்ந்து, டெலிவரிக்கு வைத்திருந்த கேட்டில் மோதி நின்றது. இன்ஜினைத் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள் மச்சான். நாலு கியரும் ரிவர்ஸ்! அந்தக் கேட்டை இரண்டு நாள் நிமிர்த்தினேன்.

இன்ஜினைச் சரியாகத் திருப்ப வண்டியைக் கவிழ்த்தபோதுதான் பார்த்தேன். இடது பக்கத்து நாலு பைப்பிலும் வெள்ளை பெயிண்டில் ‘மா’ என்று உங்கள் கையெழுத்து. பட்டறையில் மாற்ற வேண்டிய பீஸில் நாங்கள் ‘மா’ என்றுதான் குறிப்போம். எனக்குச் சுரீர் என்றது. வலது பக்கம் நீங்கள் கூடவே நின்று அடிக்க வைத்தது. இடது பக்கம் நீங்கள் வராத நாட்களில் நான் தனியாக வெல்டிங் அடித்தது. ஆக, பக்கத்தில் நின்று பார்க்காத வேலையில் நம்பிக்கை இல்லை, அப்படித்தானே? செத்த பிறகும் என் வேலையில் குறையா?

வீம்புக்கு நாலு பைப்பையும் வெட்டி எறிந்து, புதுப் பைப் வைத்து அடித்தேன். கிரைண்டர் பொறியில் உங்கள் எழுத்து எல்லாம் போயிற்று. இடது பக்கம் மட்டும் நீங்கள் இரண்டு ஸ்பிரிங் மாட்டியிருந்தீர்கள். இது வேறயா என்று அதில் ஒன்றையும் கழற்றிப் போட்டேன். கடைசியாக இடது சீட்டின் இரும்புத் தகட்டைத் திருப்பினால், அடியில் முழுசாக எழுதியிருக்கிறது.

‘மாப்ள சைடு. ஆளு கனம். ஸ்பிரிங் ரெண்டு.’

மூன்று தடவை படித்தேன். கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்கண்ணன் எழுத்துதாங்க” என்றாள். “ஆளு கனமாம்” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெட்டிப்போட்ட பைப்புகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

எனக்கு ஆத்திரமும் வந்தது. இப்போதும் ஆறவில்லை. வாயால் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பீர்கள்? பதினோரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தையை எழுத உங்களுக்குக் கிடைத்த இடம், நான் உட்காருகிற இடத்துக்கு அடியிலா? தகட்டைத் திருப்பாமலே விட்டிருந்தால்? இது தெரியாமல் நாலு ‘மா’வையும் என் கையாலேயே அறுத்தேனே, அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

போன வாரம் மழை விட்டதும் வண்டியைப் பாடாலூர்க் காட்டுக்குக் கொண்டுபோனோம். உங்களுடைய வலது பக்கத்துச் சீட்டில் கலா உட்கார்ந்து ஓட்டினாள். நான் இடது பக்கம். கரிசலில் பைக் திணறுகிற அந்தத் திருப்பத்தை வண்டி சுலபமாகத் தாண்டிவிட்டது. ஆனால் ஒற்றை ஸ்பிரிங்கில் என் பக்கம் சாய்ந்து, பைப் சேற்றை உழுதுகொண்டே வந்தது. “எங்கண்ணன் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு” என்றாள் உங்கள் தங்கை. இனி இதைச் சொல்லிச் சொல்லியே என் உயிரை எடுப்பாள்.

கழற்றிய ஸ்பிரிங்கை நாளைக்கே மாட்டிவிடுகிறேன். புதுப் பைப் நாலிலும் என் கையால் பெயிண்ட் எடுத்து ‘மாப்ள’ என்று எழுதுகிறேன். வலது பக்கத்திலும் ஒன்று எழுதப்போகிறேன். வெறும் ‘ம’ என்று போட மாட்டேன், ‘மச்சான்’ என்று முழுசாக எழுதுவேன். சுருக்கி எழுதி நாம் பட்டது போதும்.

இடது பக்கம் உட்காருகிற,
ஆள் கனமான,
உங்கள் மாப்ள.