மூன்று வீட்டுச் சோறு

ஜூலை 8, செவ்வாய்

மூன்றாம் பருவப் பிள்ளைகளுக்கு ‘உலகப் புராணங்களில் தந்திரக்காரர்கள்’ என்ற பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். “உங்களுக்குக் கதை சொல்ல நல்லா வரும் மேடம்” என்றார் துறைத் தலைவர். அதாவது, வேறு யாரும் எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. கௌரவ விரிவுரையாளராம். கௌரவம் பெயரோடு சரி.

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள் நான்கு பேரைப் படித்துவிட்டேன். நால்வரும் உருப்படாதவர்கள். கிரேக்கத்து ஹெர்மஸ் விடியலில் பிறக்கிறான், அந்திக்குள் அண்ணனின் மாடுகளைத் திருடுகிறான். தடம் பிடிபடாமல் இருக்க மாடுகளைப் பின்பக்கமாக நடத்திப் போகிறான். பிறகு தொட்டிலில் ஏறித் துணியைச் சுற்றிக்கொண்டு பச்சைக் குழந்தையாகப் படுத்துவிடுகிறான். தேவர்கள் சிரித்தார்களாம். சிரிப்பார்கள், அவர்களுக்கென்ன! பெற்றவள் அன்று என்ன பாடுபட்டாள் என்று ஒருவரும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அண்ணி. என் கணவரின் அக்கா லூர்துசெல்வி. நான் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் என் மகள் வெனிலாவைப் பார்த்துக்கொள்பவர். “இன்னிக்கும் ஒரு வாய் எறங்கல ஜெனி. தட்ட தள்ளி வுட்டுட்டா. நீ வூட்ல இருந்தா புள்ள சாப்பிடும். நான் வேற என்னாத்த சொல்றது?”

தினமும் இதே பாட்டு.

ஜூலை 12, சனி

எடை பார்த்தோம். பதின்மூன்று கிலோ அறுநூறு. நான்கு வயதுக்கு இது போதாது. காய்ச்சலில் இறங்கியது இன்னும் ஏறவில்லை. டாக்டரம்மா மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவர் சகாயராஜ் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “மூணு வாரம் பாக்கலாம். ஏறலன்னா வேலைய வுட்டுரு ஜெனி. காலேஜ் எங்க ஓடிப்போவுது?”

கல்லூரி ஓடாதுதான். என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். எம்.ஃபில். முடித்து நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு ஜூனில்தான் சேர்ந்தேன்.

ஜூலை 17, வியாழன்

இன்று வகுப்பில் லோகியும் அனன்சியும். லோகி, வட ஐரோப்பியப் பனித் தேசத்தவன். பெட்டைக் குதிரையாக வேடம் போட்டு எட்டுக்கால் குட்டி ஒன்றை ஈன்றவன். இந்தக் கூட்டத்தில் பிள்ளை பெற்றவன் அவன்தான். பால் கொடுத்தானா என்று தேடினேன். எங்கேயும் இல்லை.

அனன்சி, ஆப்பிரிக்கச் சிலந்தி. ஒரே நாளில் இரண்டு ஊரில் விருந்து. எது முதலில் தொடங்கினாலும் தெரியட்டும் என்று இடுப்பில் இரண்டு கயிறு கட்டி இரண்டு ஊருக்கும் ஒவ்வொரு நுனியைக் கொடுத்து நிற்கிறான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்ததில் இடுப்பு சிறுத்ததுதான் மிச்சம். வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சல். இவர்கள் ‘புத்தி’ எல்லாம் ஓசிச் சோற்றுக்குத்தான். எந்தக் கதையைப் பிரித்தாலும் உள்ளே பசி. அதற்கு ஒரு பாடம், ஐந்து மதிப்பெண் வினா.

என் வீட்டில் ஒருத்திக்குப் பசியே இல்லையாம்.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் அண்ணி போன். முட்டை வேண்டாம், பருப்பு வேண்டாம், கேப்பைக் கஞ்சியைத் துப்பிவிட்டாள். ராஜினாமா கடிதம் எழுதிப் பையில் வைத்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை.

ஜூலை 24, வியாழன்

அமெரிக்கப் பழங்குடிகளின் அண்டங்காக்கை. தலைவனிடம் ஒரு பெட்டி, அதற்குள் வெளிச்சம். காக்கை ஊசியிலையாக மாறித் தண்ணீரில் விழுந்து, தலைவன் மகள் அதைக் குடிக்க, அவள் வயிற்றில் பிள்ளையாகப் பிறந்து, அந்தப் பெட்டி வேண்டும் என்று அழுது புரண்டு, கையில் கிடைத்ததும் பறந்தே போய்விடுகிறது. உலகத்துக்கு வெளிச்சம் வந்ததாம், கொண்டாடுகிறார்கள். சுமந்தவளுக்குக் கிடைத்தது என்ன? வெறும் மடி.

ஆகஸ்ட் 2, சனி

பதினான்கு கிலோ ஐந்நூறு! தொள்ளாயிரம் கிராம் ஏறியிருக்கிறது. நம்பாமல் மறுபடி நிறுக்கச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார்: “சாப்பிடலன்னு யாருங்க சொன்னது? காத்துலயா ஏறும்?” மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த வெனிலா மின்விசிறியைப் பார்த்தாள்.

தெருவில் திரும்பும்போது எதிர்வீட்டு வீரம்மாள் அக்கா பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. புள்ளைக்கு வூட்ல சோறு போடறதே இல்லியா? தெனமும் பன்னண்டு மணிக்கு வந்து வயித்த தடவிக்கினு நிக்குது. ‘யாருமே எனக்கு சோறு போடல’ன்னு. நான் கேப்பை அடை தர்றேன். மாடி வூட்ல இட்லி. கடைசி வூட்ல முட்டை. மூணு வூட்லயும் சாப்புட்டுக்கினு சமத்தா போவுது.”

மானம் போயிற்று. தெரு முழுக்க நாங்கள் பிள்ளையைப் பட்டினி போடுகிறவர்கள். அனன்சிக்காவது இடுப்பு சிறுத்தது. இவளுக்குக் கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதோடு விட்டாரா? “ஒங்க நாத்தனாருக்குத்தான் தெரியுமே! ரெண்டு வாட்டி அதுவே வந்து, தின்னுட்டு வரட்டும்னு வாசப்படிலயே நின்னு கூட்டிக்கினு போச்சு.”

தெரிஞ்சுக்கினே! தெரிஞ்சுக்கினே எனக்கு போன் பண்ணி, ஒரு வாய் எறங்கலன்னு… நான் பஸ்ல அழுதுக்கினு வர்றேன், இந்தம்மா கூலா… சே. நான் ஹெர்மஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எடையை யாரிடமும் சொல்லவில்லை. நாளை காலை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அவர் வரட்டும். எல்லார் முன்னாலும் அண்ணியை நிற்க வைத்துக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. சாமியார் வேறெதையோ விளக்கிக்கொண்டிருக்க, எனக்கு பைபிளில் வரும் ரெபேக்கா ஞாபகம். கண் தெரியாத கணவனுக்குச் சமைத்து, ரோமம் அடர்ந்த மூத்தவனுக்குரிய ஆசியைச் சின்னவன் யாக்கோபு பெற அவன் கையில் ஆட்டுத்தோல் கட்டி, தட்டோடு உள்ளே அனுப்பியவள். அவளும் சோற்றை வைத்துத்தான் ஏமாற்றினாள். அவளை என் குறிப்பில் சேர்க்கவே இல்லையே, ஏன்?

சண்டை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அண்ணி அழுவார். கோபித்துக்கொண்டு பொம்மையார்பாளையத்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. திங்கட்கிழமை நான் வீட்டில். சண்டையில் ஜெயித்துவிட்டு அடுப்படியில் நிற்பதற்கா இவ்வளவு?

மதியம் மீன்குழம்பு. அவர் கேட்டார், “டாக்டர் என்ன சொன்னாங்க?”

“தொள்ளாயிரம் கிராம் ஏறியிருக்கு. டாக்டரம்மாவுக்கே ஆச்சரியம். அத்தை கைச் சோறுதான் புள்ளைக்கு ஒத்துக்கினு இருக்கு, எந்தக் காரணத்துக்காகவும் இத மாத்தாதீங்கன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

அண்ணி கையில் கரண்டி அப்படியே நின்றது. இல்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் எங்கே சாப்பிட்டாள் என்ற கேள்வி வரும். “பாத்தியாக்கா!” என்று அவர் சிரித்தார். “ஒன் கைராசி!”

ஆனால் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் அழுகை இல்லை, எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவர். இந்தப் பிள்ளையும் தன் கையால் சாப்பிடாதது வெட்கமாகத்தான் இருந்திருக்கும். பழியை என் வேலைமேல் போட்டுவிட்டார். இதை யோசிக்காமல் போனேன். இருந்தாலும் அந்த மூன்று வாரத்தை மன்னிக்க மாட்டேன்.

அண்ணி சோற்றைப் பிசைந்து நீட்டினார். வெனிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயைத் திறந்தாள். ஐந்து உருண்டை!

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் வெனிலா என்னோடு தெருமுனைவரை வந்தாள். அண்ணி நாலடி பின்னால், எனக்கும் ஒரு சாப்பாட்டு டப்பாவோடு. முதல் தடவையாக.

பேருந்து வருவதற்குள் வெனிலா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதில் சொன்னாள்:

“டாக்டர் அத்தைய பத்தி ஒண்ணுமே சொல்லல. நான் அங்கதான இருந்தேன்.”

சட்டென்று திரும்பி, அண்ணி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்த்தேன்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்மா. வர்றப்ப மல்லாட்டை உருண்டை வாங்கிக்கினு வா. ரெண்டு.”

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் கடலை உருண்டை வாங்கிவிட்டேன். நான்காக.