'ஏங்க' என்று கூப்பிட்டால்

காலையில் அலமாரியில் எதையோ தேடப்போய் உன் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் கையில் பட்டது. மூடியைத் திறந்ததும் எண்ணெயோடு ஈர நாய் வாசனையும் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. அந்தப் பாட்டிலை நீ உன் தலைக்கு வைத்திருக்கவில்லை, டைகரின் காலுக்கு வைத்திருந்தாய். அதை நினைத்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது. நீ போய் வருஷம் திரும்பப்போகிறது, எனக்கு இன்னும் அந்த நாய்மேல் பொறாமை தீரவில்லை.

கூனிமேட்டில் நீ ரவிக்கை தைத்துக் கொடுக்கும் பாய் வீட்டில் லேப்ரடார் குட்டி போட்டிருக்கிறது, நமக்கும் ஒன்று தருகிறார்கள் என்று வந்து சொன்னாய். நான் வரிசையாகத் தடை சொன்னேன். நம்முடையது ஷீட் போட்ட வீடு, அதற்கோ அடர்ந்த முடி, வெயில் தாங்காது. தண்ணீரைக் கண்டால் குதிக்கிற ஜாதி, வாசலைத் தாண்டினால் உப்பளம். பாத்தியில் இறங்கினால் கால் புண்ணாகிவிடும். தினமும் ஓடவிடாவிட்டால் வீட்டில் இருப்பதையெல்லாம் கடிக்கும். நாய்தான் வேண்டுமென்றால் தெருவில் திரிகிற நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். நீ தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"உங்களப் பத்தி எங்கப்பா இதுல பாதி கேள்வி கேட்டிருந்தா, நான் இந்த ஊருக்கே வந்திருக்க மாட்டேங்க."

குட்டி வந்தது. நான் சொன்னதெல்லாம் நடந்தது. என் செருப்பைக் கடித்துத் துப்பியது, பாத்தியில் விழுந்து விரலிடுக்கெல்லாம் சிவந்து வந்தது. நீ நல்ல தண்ணீரில் அதன் காலைக் கழுவி, மடியில் போட்டு எண்ணெய் தடவுவாய். மத்தியானத்தில் ஈரச் சாக்கு விரித்து ஃபேனையும் அதன் பக்கம் திருப்பிவிடுவாய். அளத்திலிருந்து வந்த நான் வெடித்த காலை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "என் காலும் உப்புத் தண்ணில நின்ன காலுதான்" என்றால், "உங்களுக்குத்தான் கை இருக்குதுல்ல" என்று பாட்டிலைத் தள்ளிவிடுவாய்.

அதுகூடப் போகட்டும். என் பெயரையும் அல்லவா எடுத்துக்கொண்டது! புருஷன் பெயரைச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நீ, நாளெல்லாம் "ஏங்க, ஏங்க"தான். நான் வந்து நின்றால் உன் கையில் டீயோ வடையோ இருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்த குட்டி, 'ஏங்க' என்பது தன் பெயர் என்று முடிவு கட்டிவிட்டது. நான் வைத்த டைகர் என்ற பெயரைக் காதிலேயே வாங்கவில்லை. நீ கூப்பிட்டால் எனக்கு முன்னால் ஓடிவந்து வாலாட்டும். நீ விழுந்து விழுந்து சிரித்து, எனக்கென்று எடுத்த வடையை அதற்குப் போட்டுவிடுவாய்.

போன வாரம் பெருமுக்கல்லிலிருந்து உன் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். "மாப்ள, நீங்க வேலைக்குப் போயிட்டா இது ஒண்டியா கட்டிக் கெடக்குது. நம்மகிட்ட தோப்பு இருக்குது, மோட்டார் தொட்டி இருக்குது. இந்த ஜாதிக்கு அதான் சரி" என்றார் அண்ணன். எல்லாம் அன்றைக்கு நானே சொன்ன காரணங்கள்தான், எப்படி மறுப்பது? சங்கிலியை அவர் கையில் கொடுத்தேன். சனியன் ஒழிந்தது என்றுகூட நினைத்தேன்.

ஆட்டோ பக்கமிருந்து அண்ணி குரல் கொடுத்தார். "ஏங்க, போலாமா?"

உன் அண்ணனுக்கு முன்னால் நானும் நாயும் திரும்பிவிட்டோம். அது சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, அண்ணியின் புடவையை முகர்ந்து பார்த்தது. நீ இல்லை என்று தெரிந்ததும் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து என் காலடியில் படுத்துவிட்டது. நான் குனிந்து சங்கிலியை என் கையில் சுற்றிக்கொண்டேன்.

"இங்கயே இருக்கட்டும் மச்சான்" என்றேன்.

இத்தனை நாளும் கையைத் தட்டியே அதை அழைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்து, முதல்முறையாக, "ஏங்க" என்று கூப்பிட்டேன். சொல்லவே வெட்கமாக இருந்தது. கொல்லையில் கிடந்தது ஒரே ஓட்டமாக வந்து என் மடியில் தலையை வைத்தது. அதன் காலுக்குத் தடவிவிட்டு, கையில் ஒட்டியிருந்த எண்ணெயை என் காலிலும் தேய்த்துக்கொண்டேன்.

ஆனாலும் பொறாமைதான் போ. அதை அப்படிக் கூப்பிட இனி நான் இருக்கிறேன். என்னைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?