நாற்பத்திரண்டாவது ஊர்

ஆகஸ்ட் 14, வியாழன், மாலை 4.20. கோப்பில் இருக்கும் ஊர்கள் 41. நேற்று வரை 42.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் வேலை உனக்குத் தெரியும். ஓர் ஊர் விடும் கார்பன் புகை, அதன் நகராட்சி வாங்கிய கடன், அதன் பொருளாதார வளர்ச்சி, இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கணக்குப் போடுவது. நாற்பத்தோரு ஊர்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. புகையும் கடனும் ஏறினால் வளர்ச்சியும் ஏறியது. நீ வாக்கப்பட்ட ஊர் மட்டும் முரண்டு பிடித்தது. நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருக்கும் மாமாதானே அந்த எண்களை அனுப்பினார்? அங்கே புகை குறையக் குறைய வளர்ச்சி. வரைபடத்தில் மொத்தக் கோட்டையும் தன் பக்கம் சாய்த்துவிட்டது.

புரொபசரிடம் காட்டினேன். "ஒத்த ஊருக்காக ஏம்ப்பா மாரடிக்கிற? தூக்கிடு" என்றார். எங்கள் தொழிலில் இது சகஜம். நேற்று அந்த வரியைக் கோப்பிலிருந்து தூக்கினேன். கோடு நூல் பிடித்த மாதிரி நின்றது. பக்கத்து சீட்டுக்காரன் ட்ரீட் கேட்டான்.

இன்று மனசு கேட்காமல் மாமா அனுப்பிய மூலக் கோப்பைத் தேடினேன். இல்லை. புள்ளிவிவர அலுவலகத்தில் அப்படி ஓர் ஊரே கிடையாது என்று சலித்துக்கொண்டார்கள். பஸ் கவுன்டரில் கேட்டால், அந்த வழியில் இரண்டு மணி நேரம் வண்டி எங்குமே நிற்காதாம். உன் போன் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. அடிக்கவாவது அடிக்கிறதே.

அம்மாவிடம், அக்கா பேசினாளா என்றேன். பேத்தி புராணம் பாடாமல் போனை வைக்காத அம்மா, இன்று கேட்டது ஒன்றுதான். "எந்த அக்காடா?"

பேய் பிசாசுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. ஆனால் எனக்கு வேறு விளக்கமும் இல்லை. அழித்த வரியைத் திரும்ப எழுதினால் ஊரும் திரும்பலாம். உன் ஊரின் புகையும் கடனும் மனப்பாடம்; வளர்ச்சிதான் உதைக்கிறது. 3.4ஆ, 4.3ஆ? தப்பாகப் போட்டால் வேறோர் ஊர் வந்து நிற்கும். அதில் உன் முகத்தோடு வேறு யாரோ இருந்தால்?

மாமாவிடம் அந்த எண்ணைக் கேட்டுச் சொல். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? மூவரும் நன்றாக இருங்கள். இருந்தால் போதும்.

உன் தம்பி

இனிச் செய்யப்போவது:

1. இதை இன்றே தபாலில் சேர்ப்பேன். பின்கோடு செல்லாது என்றால் சண்டை போடுவேன்.
2. 42வது வரியில் உன் ஊரை எழுதி, வளர்ச்சிக்கான கட்டத்தைக் காலியாக விடுவேன். கட்டுரை நாசமாய்ப் போகட்டும்.
3. நீ சொல்லும் வரை அந்தக் கட்டத்தை யாரையும் தொட விடமாட்டேன்.
4. தினமும் காலையில் உன் பெயரை ஒருமுறை எழுதிப் பார்ப்பேன். இன்று இரண்டாவது எழுத்துக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. சீக்கிரம் பேசுக்கா.