மேகம் எங்கே தூங்குது?

14 மே 1987, வியாழன்

இன்று முதல் நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்பதற்காக எதையும் மாற்ற மாட்டேன். இது எஸ்டேட்டில் ரைட்டராகக் கணக்கு எழுதும் அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த 1985-ஆம் வருடத்து டைரி. கிழமைகள் ஒத்துவரவில்லை, அடித்துத் திருத்திக் கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு. பள்ளி நூலகத்தில் எடுத்த மூன்று புத்தகங்களையும் படித்தாகிவிட்டது. எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் அதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இன்றைய செய்தி: காலையிலிருந்து மூடுபனி. துணி காயவில்லை. அம்மா நேற்றுக் கொடியில் போட்ட அதே சேலையைத் திருப்பிப் போட்டாள்.

15 மே

டீக்கடைச் சுவரில் ஏற்காடு கோடை விழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி. அதற்குக் கீழே, ‘23 சனிக்கிழமை மாலை ஆறு மணி. வானொலிப் புகழ் கிளிக்கூட்டு மூவர் பாடுகிறார்கள்.’

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றுவிட்டது.

“யாருன்னே? இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.

“இன்னும் பாடறாங்களா!” என்றாள். பிறகு, “நாங்கூட நெனச்சேன்...” என்று ஆரம்பித்து முடிக்கவே இல்லை. முறத்தையும் மறுபடி எடுக்கவில்லை. ஒரு கோழி வந்து அரிசியைக் கொத்தியது. அம்மா அதை விரட்டவில்லை. இப்படி நான் பார்த்ததே இல்லை.

17 மே, ஞாயிறு

கோயிலிலிருந்து நடந்து வரும்போது அம்மாவாகவே சொன்னாள். கேட்டபடி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. இதே மலை, வேறு எஸ்டேட். பாட்டி அங்கே காபிப் பழம் பறித்தாள். அங்கே கிளார்க் வீட்டில் மட்டும்தான் ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை சிறுவர் நிகழ்ச்சிக்கு எல்லாப் பிள்ளைகளும் அவர்கள் வாசலில் போய் உட்காருவார்கள். அதில் இரண்டு அக்காக்களும் ஒரு தம்பியும் பாடுவார்கள். அவர்களும் சிறுபிள்ளைகள்தான். அவர்கள்தான் கிளிக்கூட்டு மூவர். கடைசியில் எப்போதும் ஒரே பாட்டு:

மலையேறிப் போன மேகம் எங்கே தூங்குது?
எங்கே தூங்குது?

பிறகு சத்தமே இருக்காது. தபலா மட்டும் ஓடும். கேட்கிற பிள்ளைகள் அவரவர் இருக்கிற இடத்திலிருந்து தங்கள் சொந்தப் பதிலைப் பாட வேண்டும். அதற்குத்தான் அந்த இடைவெளி. அப்புறம் ரேடியோவிலிருந்து மூவரும், “ஆமா ஆமா, அங்கதான்!” என்று பாடுவார்கள்.

“நான் சொன்னது கேட்டுத்தான் ஆமாங்கறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்” என்றாள் அம்மா. “நாலாவது ஆளு நாந்தான்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரிஞ்சேன்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பொன்னுக்கு வீங்கி. தாடை வீங்கி வாய் திறக்க முடியவில்லை. இருந்தாலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அவள் பாடாவிட்டால் பாட்டு நின்றுபோகும் என்று ஒரே பயம்.

“நிக்கலை கண்ணு. நான் வாயே தொறக்கலை. அவங்க பாட்டுக்கு ‘ஆமா ஆமா’ன்னு போயிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. ரேடியோ கேக்கப் போகலை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு ஒன்று இப்போதுதான் புரிகிறது. கோயிலில் எல்லோரும் பாடும்போது அம்மா உதட்டை மட்டும் அசைப்பாள். குரல் நன்றாக இருக்காது போல என்று நினைத்திருந்தேன்.

“உன் பதில் என்னம்மா?”

“மறந்து போச்சு.”

மறக்கவில்லை. எனக்குத் தெரியும்.

18 மே

விழாவுக்குப் போகலாமா என்று அப்பாவிடம் நானே கேட்டேன். “ஏழு மணிக்குக் கடைசி ஜீப்பு. பாதிப் பாட்டுல எந்திரிச்சு ஓடி வருவீங்களா ரெண்டு பேரும்?” என்றார். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

19 மே

மழை.

20 மே

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவைக் கிண்டல் செய்தார்.

“ஏனுங்க ரைட்டரூட்டம்மா, ரேடியோவுல பாடுன கொழந்தைங்களைப் பாக்கோணுமாமா? அதுங்களுக்கு இந்நேரம் தலை நரைச்சுப் போயிருக்கும் போங்க!”

“நரைக்கட்டும். எனக்கு நரைக்கலையா?” என்றாள் அம்மா.

பாப்பாத்தி அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. “எங்கூட்டுக்காரர்கிட்டச் சொல்றனுங்க. ஒரு நா நின்னு வந்தா ஜீப்பு ஒன்னும் தேஞ்சு போயிராது” என்றார். அவர் வீட்டுக்காரர் ஐயாக்கண்ணு அண்ணன்தான் கொட்டச்சேடு ஜீப் ஓட்டுகிறார்.

சாயங்காலம் அப்பா, “முடியற வரைக்கும் நிப்பானா அவன்?” என்று மட்டும் கேட்டார். பிறகு டார்ச் லைட்டுக்குப் புது செல் போட்டு ஜன்னலில் வைத்தார். அப்பா சரி என்று சொல்வது இப்படித்தான்.

22 மே

அம்மா வரமாட்டேன் என்கிறாள்! நாளைக்குப் போக வேண்டும், இன்றைக்குச் சொல்கிறாள்!

“நேர்ல போயி வேற, அவங்க பாட்டுக்குப் பாடீட்டுப் போறதைப் பாக்கோணுமா? நீ போயிட்டு வா சாமி, பாப்பாத்தி கூட.”

நான் எதற்குப் போகவேண்டும்? எனக்கா அந்தப் பாட்டு? கத்திவிட்டேன். பிறகு அழுதேன். அம்மா என் தலையைப் பின்னிவிட்டாள். விளக்கு வைத்த பிறகு யாராவது தலை பின்னுவார்களா?

24 மே, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

அம்மா வந்தாள். ஜீப் வந்து ஹாரன் அடித்ததும் நீலச் சேலையோடு வாசலில் நின்றாள், முந்தின நாள் ஒன்றுமே சொல்லாதவள் போல.

ஏரிக்குப் பக்கத்தில் மேடை. வண்ண பல்புகளைச் சுற்றிப் பனி இறங்கியிருந்தது. கடலைப் பொட்டலம், பலூன், சேலத்திலிருந்து வந்தவர்களின் புது ஸ்வெட்டர்கள். எனக்கு முன்வரிசையில் எங்கள் வகுப்புத் தனலட்சுமி, அவள் வீட்டார் அனைவரோடும்.

மூவரும் வந்தார்கள். அக்காக்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. தம்பிக்குத் தொப்பை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் பாட ஆரம்பித்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “எடப்பக்கம் நிக்கறதுதான் சின்னக்கா” என்றாள். குரலை வைத்தே சொன்னாள்.

கூட்டம் சரியாகக் கேட்கவில்லை. பின்னாலிருந்து விசிலடித்து, “சினிமாப் பாட்டு எடுத்து உடுங்க!” என்று கத்தினார்கள். அவர்கள் கோபப்படாமல் வரிசையாகப் பாடினார்கள். கடைசியாக அந்தப் பாட்டு வந்தது.

மலையேறிப் போன மேகம் எங்கே தூங்குது?
எங்கே தூங்குது?

தபலா மட்டும் ஓடியது. ஒருவரும் பாடவில்லை. யாரோ சிரித்தார்கள். அம்மா என் விரல்களைப் பிடித்து நசுக்கினாள். இனி அவர்கள் “ஆமா ஆமா” என்று போய்விடுவார்கள் என்று அவள் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த நிமிடம், தனலட்சுமி முன்னால் அம்மா பாடிவிடக் கூடாதே என்றுதான் நினைத்தேன்.

அவர்கள் போகவில்லை.

பெரியக்கா காதருகே கையை வைத்துக்கொண்டு நின்றார். தபலா ஓடிக்கொண்டே இருந்தது. “ரேடியோவுல நேரம் பத்தாது, போயிருவோம்” என்றார் மைக்கில். “இங்க என்ன அவசரம்? பதில் வர்ற வரைக்கும் நிக்கறோம்.” மறுபடி கேள்வியைப் பாடினார்கள். மறுபடி தபலா.

அம்மாவின் கை என் கையை விட்டது.

எங்கம்மா காயப் போட்ட சேலைக்குள்ள தூங்குது!

குரல் நன்றாக இல்லை. கரகரவென்று, எடுத்த இடமே உயரமாகி, ‘சேலை’யில் உடைந்துவிட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. தனலட்சுமியும் திரும்பினாள். நான் குனியவில்லை. குனிய வேண்டும் என்றே தோன்றவில்லை. பனியில் காயாத ஒரு சேலையும் அதற்குள் முகத்தை வைத்துப் பார்க்கும் ஏழு வயதுப் பெண்ணும்தான் எனக்குத் தெரிந்தார்கள்.

சின்னக்கா மேடை ஓரத்துக்கு வந்து, பல்பு வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தேடினார். “யாருங்கம்மா அது? இன்னொருக்கா பாடுங்க, எங்களுக்குக் கேக்கோணும்.”

அம்மா எழுந்து நின்று பாடினாள். மூவரும் சேர்ந்து, “ஆமா ஆமா, அங்கதான்! சேலைக்குள்ளதான் தூங்குது!” என்றார்கள். அதற்குப் பிறகு கூட்டத்துக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒரு குழந்தை ‘படகுக்குள்ள’ என்றது. விசிலடித்தவர்களில் ஒருவர் ‘பஸ் ஸ்டாண்டுல’ என்றார். எல்லோருக்கும் பின்னாலிருந்து ஐயாக்கண்ணு அண்ணன், “எஞ்ஜீப்பு டாப்பு மேல தூங்குதுங்கோ!” என்று அலறினார். அத்தனைக்கும் ஆமாம் போட்டார்கள்.

திரும்பும்போது கொட்டச்சேட்டு வளைவு வந்ததும் அம்மா, “நின்னாங்க, பாத்தயா?” என்றாள். வீட்டு வாசலில் இறங்கும்போது இன்னொரு தடவை, “நின்னாங்க.”

26 மே

தனலட்சுமி கடையில் பார்த்து, “உங்கம்மா பாட்டு எங்கூட்டுல எல்லாரும் பாடறாங்க” என்றாள். ஒன்றும் பெருமைப்படாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். முடியவில்லை.

31 மே, ஞாயிறு

கோயிலில் அம்மா வாய்விட்டுப் பாடினாள். நான் எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துபோய்ப் பாட்டுப் புத்தகத்தில் தேடினேன்.

திரும்பவும் பனி. துணியெல்லாம் சமையலறைக் கொடியில் தொங்குகிறது. அப்பா செய்தி கேட்டுவிட்டு ரேடியோவை நிறுத்தினார். படுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சத்தம். அப்பா! பாடுகிறார்! நான் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் கற்றிருக்க வேண்டும். மெட்டே இல்லை.

“மேகம் எங்கே தூங்குது...”

அம்மா கொடியைப் பிடித்தபடி நின்றாள். பதில் சொல்லவில்லை. அப்பாவும் மேலே போகவில்லை. தபலாவுக்குப் பதில் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டு சும்மா இருந்தார். நான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்.

அம்மா பாடினாள், ஈரச் சேலையை ஒதுக்கியபடி, மெதுவாக.

“ஆமா ஆமா, அங்கதான்” என்றார் அப்பா.

பிறகு அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரி இருட்டில் எழுதியது.