ஃப்ரீசருக்கு வைத்த பொட்டு

11 அக்டோபர் 1994, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் கூடி, போக்கு காட்டிட்டுக் கலைஞ்சு போச்சு. ஆவடியிலேர்ந்து அம்பத்தூர் வரைக்கும் ரயில்ல நின்னுகிட்டே.

லேபுல செல்லை உறைய வெச்சுக் காக்குற லிக்விட் நைட்ரஜன் கேன் மறுபடி ஒழுகுது. நிரப்பி ரெண்டு நாள்ல காலி. அடுத்த வண்டி தீபாவளிக்கு அப்புறம்தானாம். செல் இருக்கிற டியூப் எல்லாத்தையும் மைனஸ் எழுபது ஃப்ரீசருக்கு மாத்தினேன். வேற வழி?

பதினேழாம் நம்பர் க்ளோன் இந்தத் தடவையும் ஏமாத்தல. அந்த செல் கக்குற வைரஸ் நோய் தராது, அந்தப் பாகத்தை வெட்டி எறிஞ்சாச்சு. ரத்தம் நிக்காம ஒழுகுற நோய்க்காரங்களுக்காக, ரத்தம் உறைய வைக்கிற ஜீனை மட்டும் சுமந்துகிட்டு எலி செல்லுக்குள்ள போய் இறக்கி வைக்குது. எட்டு வருஷத்துல இப்பத்தான் சொன்ன பேச்சு கேக்குது. வீட்டுல இவர்கிட்ட சொன்னா, "அப்போ பால் வண்டி மாதிரின்னு சொல்லு." சரி, பால் வண்டி. ஆவடி ஃபேக்டரியில ராணுவ டேங்குக்கு எஞ்சின் மாட்டுறவருக்கு எல்லாமே வண்டிதான்.

தீபாவளி முடிஞ்சதும் ரிவ்யூ. கமிட்டி முன்னால செல்லும் வைரஸும் இருக்கணும். இல்லேன்னா ப்ராஜெக்டை மூடிருவாங்கன்னு டைரக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், இவருக்கு பனியன், டார்ச் செல்.

13 அக்., வியாழன். ஆயுத பூஜை

வருஷா வருஷம் இன்னிக்கு லேபுக்குப் போய் மிஷின் பக்கத்துலயே நிப்பேன். நானே சந்தனம் குங்குமம் வெச்சுட்டு, சுவிட்சுல எவனும் கை வைக்காம பாத்துப்பேன். மாதா கோயிலுக்குப் போறவ சந்தனக் கிண்ணத்தோட நிக்கிறதுல எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

இந்த வருஷம் இவர் கேட்டார். "எல்லார் சம்சாரமும் ஃபேக்டரி பாக்க வர்றாங்க. நீ ஒரு தடவையாவது வாயேன்." மாட்டேன்னு சொல்ல மனசு வரல. அட்டெண்டர் தனசேகர்கிட்ட, "என் ரூமை நீயே பாத்துக்கோ, வேற யாரையும் விடாதே"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

டேங்குக்கு ஆளுயர மாலை. பொரி, கடலை, ஆளுக்கொரு லட்டு. வாசல்ல உடைச்ச பூசணிக்காய் வழுக்கி ஒரு அம்மா விழப் பாத்தாங்க. இவர் என்னைத் தன் ஃபோர்மேன்கிட்ட கூட்டிட்டுப் போய், "என் வொய்ஃப் சயின்டிஸ்ட்"ன்னார். கூச்சமா இருந்துது. சந்தோஷமாவும் இருந்துது.

15 அக்., சனி

போச்சு.

ஃப்ரீசர் ஓடிட்டுத்தான் இருக்கு. முள் மைனஸ் எழுபதுல. கதவுல உள்ளங்கை அகலத்துக்கு சந்தனம், குங்குமம், மாலை. திறந்தா சுவர்ல பனியே இல்ல, அடித்தட்டுல ஐஸ் பாளம். அதுக்குள்ள என் டப்பாவெல்லாம் புதைஞ்சு கிடக்கு. எல்லாம் உருகி மறுபடி உறைஞ்சிருக்கு. வைரஸ் செத்தது, செல்லும் செத்தது. ஒரு டியூபை எடுத்துக் கையில வெச்சுகிட்டு எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல.

தனா வந்தான்.

"ஆஃப் பண்ணியா?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்கோ? ஓடிகினு கீற மிஷினுக்கு பொட்டு வெச்சா பூஜை ஆவுமா? முந்தாநேத்து கார்த்தால ஆஃப் பண்ணி, தொட்ச்சி, நேத்து பூஜை முட்ஞ்சதும் ஆன் பண்ணிட்டேன். அலாரம் கீ கீன்னு கத்துச்சு, பேட்டரிய கயட்டி வெச்சேன். வேற ஒருத்தரையும் உள்ள வுடல. நீங்க சொன்ன மாதிரியே."

அப்புறம், "உங்க ஃப்ரிட்ஜுக்குத்தான் பெர்சா வெச்சேன். இவ்ளோ கஸ்டப்படறீங்க, நல்லபடியா முடியட்டும்னு."

அடப்பாவி. அடப்பாவி. மனசுக்குள்ளயே திட்டிட்டு, டியூபைத் திரும்ப வெச்சு ஃப்ரீசரைச் சாத்தினேன்.

செல் வளர்க்கிற இன்குபேட்டரும் அணைஞ்சு கிடந்திருக்கு. பாட்டில்ல செல்லெல்லாம் செத்துக் கழண்டு மிதக்குது. ஒரே ஒரு பாட்டில்ல, ஓரமா, கொஞ்சம் உசிரோட ஒட்டிகிட்டு இருக்கு.

சாயங்காலம் இவர்கிட்ட சொன்னேன். சட்டையைக் கழட்டி மாட்டினார். அப்புறம், "எங்க ஃபேக்டரியிலயும் மெயின் சுவிட்சை நிறுத்திட்டுத்தான் பூஜை போடுவோம்"ன்னார். அவனுக்குப் பரிஞ்சு பேசறாரேன்னு எரிச்சல். சாப்பிடாம படுத்தேன்.

18 அக்., செவ்வாய்

ஒட்டிகிட்ட செல்லுக்கு சாப்பாடு, அந்த சிவப்பு மீடியம், மாத்தினேன். இன்னிக்கு மைக்ராஸ்கோப்ல நாலஞ்சு திட்டு. ஒண்ணு ரெண்டாப் பிரிஞ்சு பெருக ஆரம்பிச்சிருக்கு! பதினேழாம் நம்பர்தான். பிழைச்சா ரிவ்யூவுக்கு நிக்கும்.

டி.என்.ஏ. எப்படியும் தப்பிச்சிருக்கும். ஆனா அதிலேர்ந்து மறுபடி செல் பண்ண ரெண்டு வருஷம். எனக்கு யார் தருவா ரெண்டு வருஷம்?

இவர் ஜெபமாலையை எடுத்தார். "எதுக்குன்னு வேண்டிக்கிறீங்க?" "பாட்டிலுக்கு." சிரிச்சுட்டேன்.

24 அக்., திங்கள்

ராத்திரியெல்லாம் மழை. ரயில் லேட். முட்டியளவு தண்ணியில இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள நடந்து லேபுக்கு.

பாட்டில்ல நூல் மாதிரி வெள்ளையா. காளான். மாலையும் பூவும் ஈரமுமா இருந்த ரூம், வராம என்ன செய்யும். மருந்து ஊத்திப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள்ள செல்லை மூடிடுச்சு.

ப்ளீச் நானே ஊத்தினேன். வேற யாரும் ஊத்தறதுல எனக்கு இஷ்டமில்ல. சிவப்பு வெளுத்து, தண்ணி நிறமாச்சு. அவ்ளோதான் எட்டு வருஷம்.

27 அக்., வியாழன்

டைரக்டர் கூப்பிட்டார். "கமிட்டிக்கு ஒரு காரணம் சொல்லணும். யார் ஆஃப் பண்ணது? பேரைச் சொல்லுங்க." தனா இன்னும் தினக்கூலி. பேர் போனா மறுநாள் கேட்டுக்கு வெளியே.

"பவர் கட் சார். ட்ரிப் ஆயிருக்கும்"ன்னேன்.

அவனைக் காப்பாத்தினேன்னு எழுத மாட்டேன். அவன் மூஞ்சியைப் பாத்தாலே பத்திகிட்டு வருது. அவன் வேலை போனா மட்டும் செல் வந்துடுமா, அதான்.

வெளியே வந்தா அவன் டீயோட நிக்கிறான். யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சுகிட்டிருக்கான். "மேடம், செத்துப்போச்சாமே... என்னாலதானா?" டீயை மட்டும் வாங்கிகிட்டேன்.

8 நவ., செவ்வாய்

ரிவ்யூ. கமிட்டியில மூணு பேர். காட்ட வெறும் படம்தான். ஒருத்தர் நல்லாவே கேட்டுட்டு, "வெளிநாட்டுல இதை முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்களேம்மா, நாம எதுக்கு?"ன்னார். பதில் இருந்துது. படத்தையெல்லாம் அடுக்கி எடுத்துகிட்டேன்.

மூடியாச்சு. ரூமை கர்ப்பம் பாக்குற கிட் பேக்கிங்குக்குக் குடுக்கறாங்க. என்னை அதுக்கு இன்சார்ஜாப் போட்டிருக்காங்க. "சம்பளம் குறையாது"ன்னு டைரக்டர் ரெண்டு தடவை சொன்னார்.

இவர் கேன்டீன்லேர்ந்து மைசூர்பாகு வாங்கிட்டு வந்திருக்கார், எப்படியாவது பாஸ் ஆகும்னு நினைச்சு. ரெண்டு பேரும் தின்னோம். பாழாக்குவானேன்.

10 நவ., வியாழன்

வெயில். மழை விட்டுப் போச்சு.

ரூமைக் காலி பண்ணணும். கதவுல இருந்த 'உள்ளே வரக்கூடாது' போர்டை யாரோ கழட்டிட்டாங்க. அட்டைப்பெட்டி ஏற்கெனவே வந்து குவிஞ்சிருக்கு.

செல் வளர்க்கிற கல்ச்சர் ரூமுக்குள்ள இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வெளிச் செருப்போட காலை வெச்சதில்ல. நானும்தான். இன்னிக்கு கழட்டல. சேத்துச் செருப்போட நேரா நடந்து ஃப்ரீசர் வரைக்கும் போனேன். டைல்ஸ்ல அச்சு அச்சா சேறு.

பெட்டி தூக்க தனாவைக் கூப்பிட்டேன். வாசல்லயே நின்னு என் காலைப் பார்த்தான்.

"வா, பரவால்ல. இனிமே என்ன இருக்கு இங்க."

அவன் குனிஞ்சு செருப்பைக் கழட்டி, சுவரோரமா ஜோடியா வெச்சுட்டு, வெறுங்காலோட உள்ள வந்தான்.