மேல்தட்டு பிஸ்கட் டப்பா

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. பதினோரு மணிக்கு வக்கீல் குமாஸ்தா வருவார். கிடங்கில் மூட்டை சரிந்து உங்கள் தோளில் விழுந்ததற்கு நஷ்டஈடு கேட்கும் மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறது. சாட்சியாக நான் நேற்றே போட்டுவிட்டேன்.

கம்பெனி ஆள் நலம் விசாரிக்க வந்தால் கதவைத் திறக்காதீர்கள். போன தடவை வந்தவன் உங்கள் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு எட்டாமல் மேல்தட்டில் வைத்த பெரிய பிஸ்கட் டப்பா காலையில் மேஜையில் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் அது இறங்கும். ஏறி எடுக்க வீட்டில் இருக்கும் ஒரே முக்காலி மேல் நான் மடித்து வைத்த துணி கலையவே இல்லை. கேட்டால், "பூனை தள்ளியிருக்கும்" என்கிறீர்கள். பூனைக்கு மூடி திருகத் தெரியுமா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

கை சரியாகியிருந்தால் எனக்கு நிம்மதிதான். என்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு மாதமாக உங்களுக்கு நான்தான் தலை வாரிவிடுகிறேன்.

பி.கு.: சீப்பு கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறது. குமாஸ்தா வருவதற்குள் வலது கையால் நீங்களே வாரிப் பாருங்கள். வார முடிந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.